பக்கம் பூசாத கேக்

மருதமடு மாதா துணை

தோட்டவெளி,
03.05.2024

பஸ்ரியன் அவர்களுக்கு,

றோஸ்மேரி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பதாக மகள் றொஷேல் சொன்னாள். விலாசமும் அவளிடம்தான் வாங்கினேன். "என்னத்துக்கம்மா கடிதம், ஒரு கோல் எடுங்கோவன்" என்றாள். போனில் நீங்களும் நானும் "சாப்பிட்டீரா", "ஓம்", "அங்க வெயிலோ", "ஓம்" என்பதற்கு மேலே போனதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கேட்க வந்தது ஒரு கேக்கைப் பற்றி.

நான் வீட்டில் கேக் செய்து கொடுப்பது உங்களுக்குத் தெரியும். ஓகஸ்டில் எங்கள் தெருவில் றெபேக்காவின் கலியாணம். தாய்க்காரி வந்து, "வெளிநாட்டு மாப்பிள்ளை எல்லே, அவருக்கு ஜேர்மன் சொக்கலேட் கேக்தான் வேணுமாம். உங்களுக்குத் தெரியாததே, உங்கட மனுசன் அங்கதானே இருக்கிறார்" என்றார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம், செய்யலாம்" என்றுவிட்டேன்.

யூரியூபில் பார்த்தேன். ஒருத்தி தட்டுத் தட்டாகச் சொக்கலேட் கேக் அடுக்கி, நடுவில் தேங்காய்ப்பூவும் ஏதோ பருப்பும் கிண்டி வைக்கிறாள். ஜேர்மனியில் ஏது தென்னை? அவள் தன் மனம்போனபடி செய்கிறாள் என்று நினைக்கிறேன். நீங்கள் இத்தனை வருசமாக அங்கே இருக்கிறீர்கள், தின்றிருப்பீர்கள். உண்மையில் அதற்குள் என்ன இருக்கிறது? அந்தப் பருப்பு எது? தெரிந்தால் எழுதவும். தெரியாவிட்டால் எழுத வேண்டியதில்லை.

றோஸ்மேரி

---

டோர்ட்முண்ட்,
22.05.2024

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

என் தபால் பெட்டியில் கரண்ட் பில்லைத் தவிர வேறொன்றும் விழுவதில்லை. உமது கையெழுத்தைக் கண்டதும் படியிலேயே இருந்துவிட்டேன். யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் கேக். படியில் இருந்தபடி தனியாகச் சிரித்தேன். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்படியொரு கேக்கை நான் கண்டதுமில்லை, தின்றதுமில்லை. நான் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் கேக் செய்கிறவள் ஹெல்கா. அவளிடம் கேட்டேன். கையைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். அது இவர்களுடையதே இல்லையாம். அமெரிக்காக்காரருடையதாம். எந்தக் காலத்திலோ அந்தச் சொக்கலேட்டைச் செய்த ஆளின் குடும்பப் பெயர் ஜேர்மனாம். மாப்பிள்ளை எந்த நாடு என்று விசாரியும்.

தேங்காய் சரிதான். உமது யூரியூப்காரி பொய் சொல்லவில்லை. பருப்பின் பெயர் பீகான். இங்கே கடையில் கிடைத்தது, வாங்கித் தின்று பார்த்தேன். பார்வைக்கு வால்நட் போல, ஆனால் அந்தக் கசப்பு இல்லை. வறுத்தால் பட்டர் மணக்கிறது. முட்டை மஞ்சட்கரு, ரின் பால், சிவப்புச் சீனி, பட்டர் எல்லாவற்றையும் மெல்லிய நெருப்பில் கை எடுக்காமல் கிண்டி, தடித்து வரும்போது தேங்காயும் பருப்பும் போட வேண்டுமாம். இன்னொன்று, கேக்கின் பக்கங்களுக்கு ஒன்றும் பூசுவதில்லையாம். தட்டுகள் வெளியே தெரிய வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். ஹெல்காவுக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நானே செய்து பார்த்தேன். முட்டை திரைந்து பொரியல் ஆகிவிட்டது. நெருப்பு கூடிப்போச்சு. உமது ஓவன் காஸா, கரண்டா? வீட்டில் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்?

பஸ்ரியன்

---

தோட்டவெளி,
11.06.2024

றொஷேலின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் முட்டைப் பொரியல் செய்த கதையை வாசித்துச் சிரித்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன சமைப்பீர்கள்? நான் இதுவரை கேட்டதில்லை, இப்போதுதான் அறிய ஆசையாக இருக்கிறது.

மாப்பிள்ளை றெனால்ட் அமெரிக்காவில்தானாம், ரெக்சஸ் பக்கம். தாய்க்காரிக்கு எல்லா நாடும் ஒன்றுதான்.

இங்கே கலியாணக் கேக் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. மூன்று தட்டு, ஐந்து தட்டு என்று உயரமாக நிற்கும். உள்ளே எல்லாம் றிஜிபோம், ரீவிப் பெட்டிக்குள் வைத்து வருகிற அந்த வெள்ளைத் தக்கை. அதற்கு மேல்தான் வெள்ளை ஐசிங். மாப்பிள்ளை பொம்பிளை வெட்டுகிற இடத்தில் மட்டும் ஒரு துண்டு நிசக் கேக்கை வைப்போம். கத்தி பிசகாமல் அந்த இடத்தில்தான் இறங்க வேண்டும். சனத்துக்குப் பெட்டியில் வேறு கேக். ஒருவரும் குறை சொல்வதில்லை, படத்துக்கு வடிவாக இருக்கும். எனக்கும் ஊரில் அப்படித்தான் பெயர், "பஸ்ரியன்ர மனுசி". உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் வெட்டிப் பார்த்ததில்லை.

இந்த மாப்பிள்ளைக்கு மூன்று தட்டும் நிசமாக இருக்க வேண்டுமாம். பக்கங்களுக்குப் பூசாமல் விட்டால் தாய்க்காரி, "என்ன இது, உடுப்பில்லாத கேக்" என்பார். அதுவும் ஓகஸ்ட் வெக்கையில். பச்சைத் தேங்காய் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். பாலைப் பிழிந்தெடுத்துவிட்டுப் பூவை முற்றத்தில் பாயில் காயப் போட்டேன். ரவுணில் திரிகிற கழுதை ஒன்று எப்படியோ இங்கே வந்து பாதியைத் தின்றுவிட்டது. மற்றப் பாதியைச் சோளகக் காற்று கொண்டுபோயிற்று. இனிக் கூரையில்தான் போட வேண்டும்.

ஓவன் காஸ். முன்னறையில் இருக்கிறது. ஓம், நீங்கள் வந்தால் படுக்க என்று கடல் பக்கம் யன்னல் வைத்துக் கட்டிய அதே அறைதான். காற்றோட்டம் அங்கேதான் நல்லது. சும்மா கிடந்த அறை.

பீகான் மன்னாரில் இல்லை. கொழும்பில் றொஷேல் விசாரித்தாள், பழையதாக இருக்கிறதாம்.

றோஸ்மேரி

---

டோர்ட்முண்ட்,
30.06.2024

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் மீன்குழம்பும்தான். மீன் ஐஸ் பெட்டியில் வருவது. மன்னார்க்காரன் வாயில் வைக்கிற மீன் இல்லை. ஆனாலும் வைக்கிறேன்.

பீகானுக்குக் கவலை வேண்டாம். இங்கே இருக்கிற நம்மூர் சிங்கராசா மடுத் திருநாளுக்கு ஊருக்கு வருகிறார், இரண்டு பெரிய பை கொடுத்துவிடுகிறேன். வறுத்த பின்தான் நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டு வறுத்தால் கருகும். இது நானே கருக்கிக் கண்டுபிடித்தது. மூன்றாம் தரம் செய்ததில் கேக் சரிவந்துவிட்டது. குசினியில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஹெல்கா, "யாருக்காக இப்படி மெனக்கெடுகிறாய்?" என்றாள். "என் மனைவிக்காக" என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு மனைவி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஒன்று கேட்கட்டுமா? கேக்கைப் பற்றி இல்லை. 2006இல் உமக்கும் பிள்ளைக்கும் விசா வந்தது. கொழும்புக்குப் போனீர், திரும்பி வந்துவிட்டீர். அக்காவிடம் கேட்டேன், சிங்கராசாவிடமும் கேட்டேன். உம்மிடம் மட்டும் கேட்கவில்லை. இப்போது அறிய விரும்புகிறேன். ஏன் வரவில்லை? சண்டைக்குக் கேட்கவில்லை.

பஸ்ரியன்

---

தோட்டவெளி,
25.07.2024

பஸ்ரியன் அவர்களுக்கு,

பீகான் வந்தது. எப்படி வந்தது என்று கேளுங்கள்.

உங்கள் சாமான் எல்லாம் வழக்கமாக இறங்குவது உங்கள் அக்கா பிலோமினா மச்சாள் வீட்டில். சிங்கராசாவும் நேரே அங்கேதான் போயிருக்கிறார். வெளிநாட்டுச் சாமான் வந்தால் நம்மூரில் என்ன செய்வார்கள்? பையைத் திறந்து தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தாயிற்று. எனக்கும் ஒரு பிடி வந்தது, பேப்பரில் சுற்றி. என் கலியாணக் கேக்கின் பருப்பு.

நான் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் மருந்துக்கொட்டை என்று நினைத்து ஆட்டுக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு டினேஷின் பிள்ளைகள் தின்று முடித்துவிட்டார்கள். சிவலட்சுமி அக்கா சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். "படைச்சதுதான், ஆனா உமக்கெண்டா தாறன்" என்று அப்படியே கொட்டினார்.

இவ்வளவும் சிரிக்கக்கூடியதுதான். ஆனால் பருப்புப் போட்ட எல்லோரும் கூடவே ஒரு கேள்வியும் போட்டார்கள். "ஒக்ரோபரில அண்ணன் ஒரேயடியா வாறாராம், உங்கட மச்சாள் சொன்னவ. சந்தோசம்தானே?" நான் "ஓம், ஓம்" என்றேன். எனக்கே தெரியாத சங்கதிக்கு நான் தெரு முழுக்கச் சந்தோசப்பட வேண்டியிருந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில். வீடு கட்டுகிற காலத்தில் கடிதத்துக்குக் கடிதம் யன்னல் எந்தப் பக்கம், சீமெந்துத் தரைக்கு என்ன நிறம் என்று எழுதினீர்கள். மேசனோடு வெயிலில் நின்றது நான். நீங்கள் வந்து இருக்கத்தான் கட்டுகிறோம் என்று நின்றேன். கூரை போட்டு முடிய விசா வந்தது. தூதரக வரிசையில் நிற்கும்போது யோசித்தேன், இந்த மனுசன் இருக்க வீடு கட்டினவரா, பூட்டிவிட்டுப் போகக் கட்டினவரா என்று. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பி ஊருக்குப் பஸ் ஏறினேன். "ஏன்" என்று கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சொன்னால் அழுதிருப்பேன், அழுதால் அடுத்த தரம் வந்தும் இருப்பேன். நீங்கள் ஊரெல்லாம் கேட்டீர்கள். எத்தனையோ வருசம் கழித்து உங்கள் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதும் என் வீட்டில் விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு அக்கா வீட்டில் போய்ப் படுத்தீர்கள்.

இப்போதும் அதே வேலைதான். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, எனக்கு மட்டும் கேக்.

றோஸ்மேரி

---

டோர்ட்முண்ட்,
09.08.2024

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

உமது கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

செப்ரெம்பரோடு எனக்கு வேலை முடிகிறது. ஒக்ரோபரில் வர நினைத்தது உண்மை. உமக்கு எழுதத்தான் ஒவ்வொரு தரமும் பேனையை எடுத்தேன். எடுத்தால் மஞ்சட்கருவும் தேங்காயும்தான் வருகிறது. கேக்கைப் பற்றி எழுதினால் நீர் பதில் போடுகிறீர். வேறு எதையாவது எழுதி அதுவும் நின்றுபோய்விடுமோ என்று பயந்தேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு தபால் பெட்டியைத் திறக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அக்காவிடம் ஒரு அறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவ ஊரைக் கூட்டிவிட்டா. உம்மிடம் அறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இருக்க என்று கட்டிய அறையில் இப்போது உமது ஓவன் இருக்கிறது. அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது, நான் இல்லை.

வீட்டைக் கட்டியது வந்து இருக்கத்தான், றோஸ்மேரி. பூட்டிவிட்டுப் போக இல்லை. உம்மை இங்கே கூப்பிட்டது, அப்போது அகதி விசாவோடு நான் ஊருக்கு வர வழியில்லாமல் இருந்ததால். அதைச் சொல்லாமல் கூப்பிட்டேன்.

நீர் வேண்டாம் என்றால் அக்கா வீட்டிலும் இருக்க மாட்டேன். அதே தெருவில் உமக்கு முன்னால் அப்படித் திரிய என்னால் முடியாது. ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருந்துகொள்வேன். உமது பதிலைப் பார்த்துத்தான் முடிவு.

கலியாணக் கேக் என்னவாயிற்று என்பதையும் எழுதும். எதுவாக இருந்தாலும் அதை மட்டும் எழுதும்.

பஸ்ரியன்

---

மருதமடு மாதா துணை

தோட்டவெளி,
27.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் கேக். மூன்று தட்டும் நிசம், ஒரு துண்டு றிஜிபோம் கிடையாது. சட்டியில் சேர்ந்த பீகான் மேல்தட்டுக்குத்தான் காணுமாக இருந்தது. மற்ற இரண்டுக்கும் மரமுந்திரிகைக் கஜு வறுத்துப் போட்டேன். தேங்காய்ப்பூ கூரையில் நன்றாகக் காய்ந்திருந்தது, புளிக்கவில்லை. பக்கங்களுக்கு ஒன்றும் பூசவில்லை. தாய்க்காரி கண்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஓடிப்போய் மல்லிகைச் சரம் கொண்டுவந்து சுற்றிவிட்டார். மாப்பிள்ளை அதைக் கழற்றிப் பொம்பிளையின் தலையில் வைத்துவிட்டான்.

உயரமான கேக்கில் கத்தியை எங்கே வைத்தாலும் இறங்கும் என்பதைச் சனம் அன்றைக்குத்தான் கண்டது. றெனால்ட் ஒரு துண்டு தின்றான். பிறகு என்னிடம் வந்து, "அன்ரி, இது அங்கத்தைய மாதிரி இல்லை" என்றான். எனக்கு முகம் செத்துவிட்டது. "ஆனா இன்னொரு துண்டு தாங்கோ" என்றான். கொடுத்தேன். அவனுக்கு நல்ல வாய்.

நீங்கள் செய்தது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பிடி பீகான் போத்தலில் போட்டு பிறிஜ்ஜில் வைத்திருக்கிறேன். மச்சாளுக்குச் சொல்லவில்லை.

கேக்கை மட்டும் எழுதச் சொன்னீர்கள். எனக்கு அப்படி நிறுத்த வராது. உங்கள் கடிதத்தை வாசித்து, வர வழியில்லாமல் கூப்பிட்டேன் என்ற இடத்தில் அழுதேன். பதினெட்டு வருசத்துக்கு முன்னால் அழ வேண்டியது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், வந்த பிறகும் இடைக்கிடை கேட்பீர்கள்.

நேற்று டினேஷையும் அவன் தம்பி டிலுக்சனையும் கூப்பிட்டு ஓவனைப் பின் விறாந்தைக்கு மாற்றிவிட்டேன். அங்கே மறைப்புக் கட்டினால் காற்றுப் பிடிக்காது. முன்னறை இப்போது வெறுமையாக இருக்கிறது. யன்னல் இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டுத் திறந்தாயிற்று. இனிச் சிங்கராசாவிடம் எதைக் கொடுத்துவிட்டாலும் நேரே இங்கே கொண்டுவரச் சொல்லுங்கோ. நீங்களும் நேரே இங்க வாங்கோ.

ஓவன் நின்ற இடத்தில் சுவரெல்லாம் பட்டர் ஆவி பட்டு மஞ்சளாகிக் கிடக்கிறது. வெள்ளையடிக்க நான் ஆள் பிடிக்கவில்லை. அது நீங்கள் வந்து செய்கிற வேலை.

றோஸ்மேரி