கோட்டுக்கு மேலே நிற்கும் முள்

ஏனுங்க,

ஊரறிய உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அச்சில் மட்டும் எப்படிக் கூப்பிடுவேன்? இருபது வருஷமாக இந்த ஒரு சொல்லுக்குத்தானே திரும்பிப் பார்த்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடியபிறகு இப்போதுதான் உங்கள் கண்டுபிடிப்பைக் கல்லூரி மலரில் போடப்போகிறார்களாம். இயற்பியல் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். "லேப் அசிஸ்டென்டா இருந்துட்டு, பிரபஞ்சம் பொறந்தப்பக் கெளம்புன இரைச்சலைப் புடிச்சிருக்காருங்க, லேசுங்களா? நீங்களும் நாலு வரி எழுதிக் குடுங்கக்கா" என்றார். பூரித்துப்போனேன். அன்று சாயங்காலமே எல்லாம் கெட்டது.

காந்திபுரத்துக் கடைகளில் அலைந்து சாமான் வாங்கி, மொட்டை மாடியில் அந்தத் தகரக் கொம்பு ஆன்டெனாவை நிறுத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தெருவே கேபிள் டிவிக்குப் பறந்துகொண்டிருந்தது. நீங்களோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் இரைச்சலைக் கேட்டீர்கள். "எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே மாதிரி மெல்லிசா இரையும் அம்மணி. அதுதான் ஆதியில கெளம்புனது" என்பீர்கள். கொம்போடு சேர்ந்த பெட்டியின் மீட்டரில், பெட்டியின் சொந்த இரைச்சலுக்குக் கணக்குப்படி முள் நிற்க வேண்டிய இடத்தில் பென்சில் கோடு. அதைத் தாண்டி நின்றால், தாண்டியது வானத்துடையது.

பக்கத்து லேத்துப் பட்டறை மோட்டார் குழப்புகிறது என்று அந்த அண்ணனிடம் கெஞ்சினீர்கள்: "ஆறு மணிக்கு மேல ஒரு மணி நேரம் நிறுத்திப்போடுங்கண்ணா." பாவம், அவரும் நிறுத்தினார். முள் கோட்டைத் தாண்டியது. கீழே ஓடிவந்து, மாவுக் கையோடு நின்ற என்னைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

மாவுக் கை. தினமும் ஆறு மணிக்குத்தானே நான் கிரைண்டர் போடுவேன்?

வாத்தியார் போனபின் மாடிக்கு ஏறி, உங்கள் நோட்டைப் பார்த்துப் பார்த்து சுவிட்சுகளைப் போட்டேன். நீங்கள் எழுதிய அதே இடத்துக்கு முள் ஏறியது. கண்ணெல்லாம் தண்ணீர். கீழே மாவு ஓடுவது நினைவு வந்து, போய் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தேன். முள் இறங்கியிருந்தது. மறுபடி போட்டேன், ஏறியது. முழங்கால் வலிக்க வலிக்கப் படி ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

"ஊரு லேத்தையெல்லாம் நிறுத்தச் சொன்ன மனுசனுக்கு ஊட்டுக் கிரைண்டர் தெரியலையா?" என்று உங்கள் படத்தின் முன்னால் கத்தினேன். கோபம் உங்கள் மேலா, என் மேலா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலையில் ஆட்டியிருக்க மாட்டேனா? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். கிரைண்டர் நின்றபிறகும் முள் கோடுவரை இறங்கவில்லை. ஒரு மயிரிழை மேலேயே நிற்கிறது. கொம்பைக் கிழக்கே திருப்பினேன், மேற்கே திருப்பினேன். அசையவில்லை. அது வானமா, பெட்டியின் கோளாறா?

வாத்தியாரிடம் சொன்னேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலீங்கக்கா. மாசக்கணக்குல அளந்து பாக்கோணும். கிரைண்டர் சமாச்சாரத்தை எழுதோணுமுங்களா? அவரு பேரு கெட்டுப்போயிருமே" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் மாவாட்டின மோட்டாருக்குக் கைதட்டல் வாங்கித் தந்தால், நீங்கள் என் முகத்தில் விழிப்பீர்களா? அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

இனி இந்த வீட்டில் மாவு காலையில்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிரைண்டர் வயரைப் பிடுங்கிவிட்டு மாடிக்குப் போவேன். நோட்டில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே, முள் நிற்கும் இடத்தைத் தினமும் என் கையெழுத்தில் எழுதுவேன். அந்த மயிரிழை உங்களுடையதுதானா என்று பார்க்காமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆராய்ச்சியைக் கெடுத்த உங்க ஊட்டுக்காரி,
சரசு