வயிற்றுப் பக்கம் வெள்ளை

நல்லூர், திருப்பூர்.

என் கண்ணு மோனிஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, தையல் யூனிட்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அந்த தென்னாப்பிரிக்கக் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், முழுதாகப் படி.

அந்தக் கைக்குழந்தை உடுப்பு ஆர்டரில் பென்குயின் படம் போட்டு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை என்று கேட்டிருந்தார்கள் இல்லையா. நான்தான் பெரிய புத்திசாலியாக, தவழ்கிற பிள்ளைக்கு வயிற்றுப் பக்கம் வெள்ளை வைத்தால் தரை துடைத்த துணியாகிவிடுமே என்று, கட்டிங் மாஸ்டர் கியாசுதீன் பாயிடம் முன்னையும் பின்னையும் மாற்றி வெட்டச் சொன்னேன். அவரும் “அக்கா சொல்றது நாயமாத்தானுங்க இருக்குது” என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். சாம்பிள் போய்ச் சேர்ந்ததும், இது என்ன பறவை என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையரிடமிருந்து ஒற்றை வரி. எனக்கு வந்ததே கோபம்! துணி துவைக்கிறவளுக்குத்தானே அழுக்கின் அருமை தெரியும் என்று உன்னிடம் பொரிந்து தள்ளினேன். நீ இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, “பென்குயினையே கவுத்துப் போட்டுட்டீங்களேம்மா, அது அழகுக்கு வந்த கலர் இல்லீங்க” என்று சொல்லி, உன் பென்குயின் ஆராய்ச்சிக்காகக் கடலுக்குள் நீ எடுத்த வீடியோவை அனுப்பினாய்.

அதைப் பார்த்ததிலிருந்து நான் நானாக இல்லை. கீழே இருந்து அண்ணாந்து எடுத்திருக்கிறாய். மேலே தண்ணீர் முழுக்க வெயில் பட்டு வெளேரென்று கிடக்கிறது, ஒன்றுமே இல்லையே என்று நினைக்கும்போது ஒரு பறவை பக்கவாட்டில் திரும்புகிறது, கறுப்பு முதுகு தெரிகிறது. அட சாமி, அதுவரை என் கண்ணெதிரேதான் நீந்தியிருக்கிறது! அடுத்தது படகிலிருந்து குனிந்து எடுத்தது, அதில் அந்தக் கறுப்பு முதுகு இருட்டுத் தண்ணீரோடு போயே போய்விட்டது. கீழே இருந்து வருகிற சுறாவுக்கும் சட்டென்று புலப்படாது, பென்குயின் துரத்துகிற மீனுக்கும் கிட்டே வரும்வரை தெரியாது என்று நீ சொன்னபோது எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. துணிக்கு நிற ஷேட் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனவள் நான், ஒரு நிறம் உயிரைக் காப்பாற்றும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யூனிட்டில் எல்லோருக்கும் காட்டினேன், மெஷினை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இது படைச்சவன் போட்ட பேட்டர்னுங்க அக்கா, நாம கத்திரி வெச்சுத் திருத்தலாமுங்களா” என்றார். மறு சாம்பிள் சரியாகப் போய் ஓகே ஆகிவிட்டது.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். விடாமல், மத்தியானம் மொட்டை மாடியில் பாய் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, உன் அப்பாவைக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு துண்டுத் துணியை எனக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். “பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க, எந்திரி புள்ள” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்தார். வெள்ளை வானத்தோடு கலந்துபோனது. கறுப்பு மட்டும் அப்படியே நின்றது. அப்போதுதான் கண்ணு, நீ கடலில் இறங்குகிற போட்டோ நினைவுக்கு வந்தது. கழுத்திலிருந்து கால் வரை கறுப்பு உடுப்பு. கீழே கிடக்கிற சுறாவுக்கு என் பிள்ளை இப்படித்தானே தெரிவாள் என்று நினைத்ததும் துணியைக் கீழே போடச் சொல்லிவிட்டேன். அப்பாதான் கைகொடுத்துத் தூக்கினார்.

போதும், வேலையை விட்டுவிட்டு ஊடு வந்து சேர் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வீடியோவை இன்னொரு தரம் பார்த்தேன், எழுதக் கை வரவில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தைத் தினமும் பார்க்கிறவளை எப்படிக் கூப்பிடுவேன், சொல். அதனால் நன்றாக இழுபடுகிற லைக்ரா துணியில், உன் கறுப்பு உடுப்புக்கு மேலே போட்டுக்கொள்கிற மாதிரி, முன்பக்கம் வெள்ளை, முதுகுப் பக்கம் கறுப்பு வைத்து ஒரு உடுப்பு தைத்திருக்கிறேன். பாய்தான் வெட்டினார், தையல் முழுக்க நான். சுறா இதற்கு ஏமாறுமா என்று எனக்குத் தெரியாது, உன் புரொபசரிடம் கேள். அவர் சிரித்தாலும் பரவாயில்லை, போட்டுக்கொள்.

முதலை விழுங்கிய பிள்ளையையே திருப்பிக் கொடுத்த அவிநாசியப்பன் உன்னையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. ஊத்துக்குளி நெய் வைத்திருக்கிறேன், பூட்டி வைக்காமல் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காதே, தண்ணீருக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் இரு, கரையேறியதும் முதல் வேலையாக எனக்கு முகத்தைக் காட்டிவிடு.

உன் அம்மா,
சித்ரகலா