கப்பல் போன திசையில் ஒரு கோடு

மச்சான்,

இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது மேல்தட்டிலிருந்து படச்சுருள் ஒன்று உருண்டு விழுந்தது. நாமிருவரும் ஐரோப்பாவில் வேலை செய்த வடகடலின் அடிநிலத்தை ஒலி அனுப்பி எடுத்த படம். உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்து நாறியது. ஓரமாக ஒரு கோட்டைச் சுற்றி நீ சிவப்புப் பென்சிலால் போட்ட வட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆதிகாலத்தில் மிதந்து வந்த பனிமலைகள் கடலடியை உழுதுவிட்டுப் போன சால்களைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அவற்றில் வாயு அடைந்து கிடக்கும். தெரியாமல் எண்ணெய்க்குத் துளைத்தால் கப்பலில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆனால் படமெடுக்கும் கப்பலும் தான் போன வழி நெடுகப் பொய்க்கோடுகளைப் போட்டுவிடும். கப்பலின் திசையிலேயே ஓடும் கோடென்றால் யோசிக்காமல் அழிப்பேன். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு திமிர்.

"கப்பல் போன திசையில பனிமலை போகக்கூடாதெண்டு சட்டமா மச்சான்? குறுக்கால ஓடி எடுத்த படத்திலயும் ஒருக்காப் பார். அதிலயும் இருந்தா அது சால்தான்" என்றாய்.

"உனக்குக் காணுற கோடெல்லாம் பனிமலைதான்" என்று சிரித்தேன்.

மறுநாள் கேட்டாய்: "பாத்தனியா?"

"ஓம், பாத்தனான். ஒண்டுமில்ல."

நான் பார்க்கவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை. கணினியில் கோட்டை அழித்துப் படத்தை அனுப்பினேன். என்னை நம்பித்தான் நீ துளையிடும் கப்பலில் ஏறினாய்.

வாயு பீறிட்டது. உன் உடல்கூடக் கிடைக்கவில்லை. படத்தைச் சரிபார்த்தது நீதான் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் வாயே திறக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு மூதூருக்கு வந்து குந்தியிருக்கிறேன். அதே சுருளுக்குள் இருந்த குறுக்குப் படத்தை இன்றுதான் விரித்துப் பார்த்தேன். அதே இடத்தில் சால் இருந்தது.

போன கிழமை நிலாவெளியிலிருந்து உன் மனைவி போன் எடுத்தார். "அண்ணா, அப்பா பிழை விட்டுத்தான் செத்தவரெண்டு பிள்ளையள் நினைக்கினம். உங்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். ஒருக்கா வந்து சொல்லுங்கோ."

நேற்று பஸ் ஏறினேன். உங்கள் ஒழுங்கை வந்தது, இறங்க முடியவில்லை. நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிவரை போய்த் திரும்பினேன்.

பயமாக இருக்கிறது, மச்சான். வாயால் சொல்ல என்னால் ஆகாது. அதனால் இந்தக் கடிதத்தை நாளை உன் மனைவியின் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் வாசித்து முடிக்கும்வரை முற்றத்தில் நிற்பேன்.