அசனக் குழம்பில் இரண்டு பேர் போட்ட உப்பு

ஷார்ஜா,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஹெப்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் உன் இருமல் விட்டதா, நைட் டூட்டி முடிந்து வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்திடம் உன் ஜம்பம் பலிக்காது பார். அடுத்த ஃபிளாட் நஜீஹாவின் தம்பி அங்கே படிக்க வருகிறான், அவன் கையில் இதையும் மாங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஐயோ, சமாச்சாரத்தைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன், நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அப்பாவும் தேவசிங் மாமாவும் பேசிவிட்டார்கள்.

தான் வேலை பார்க்கும் கம்பெனியில் விசா வாங்கிக் கொடுத்தும் என் தம்பி தேவசிங் சொல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான் என்று, கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் அவனை நன்றி கெட்டவன் என்றாரே உன் அப்பா, அன்றிலிருந்து இரண்டு வருஷமாக இவர் கிழக்கே பார்த்தால் அவன் மேற்கே பார்ப்பான். அவர் என்றைக்கு மாமாவிடம் பேசுகிறாரோ அன்றைக்குத்தான் நானும் அவரிடம் பேசுவேன் என்று நீ வேறு சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். தம்பிக்கும் புருஷனுக்கும் மகளுக்கும் நடுவே தூது போயே நான் ஓய்ந்துபோனேன்.

நேற்று நம் சபையின் அசன விருந்து. கோயில் வளாகத்திலேயே சமையல், தொழிலாளர் கேம்ப்பில் இருந்து பஸ்ஸில் வந்த பையன்களும் சேர்ந்து ஏகக் கூட்டம். ஆட்டுக்கறிக் குழம்புக்கு எப்போதும் போல அப்பாதான் பொறுப்பு, உதவிக்கு மாமா. பேச்சுவார்த்தை இல்லையென்றாலும் அசன வேலையை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், உனக்குத் தெரியாததா. நம் பக்கத்துப் பழக்கப்படி ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் அசனக் குழம்பை யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அப்பா உப்பைப் போட்டுவிட்டு ஆராதனைக்கு வந்துவிட்டார். டூட்டி முடிந்து தாமதமாக வந்த மாமா, உப்பு போட்டாச்சா என்று யாரிடம் கேட்பான், கேட்க வேண்டிய ஆளிடம்தான் பேசுவதில்லையே, அவன் பங்குக்கு அவனும் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

போதகர் ஐயா நேற்றுப் பிரசங்கத்துக்கு எடுத்ததும் பாக்கியவான்களைப் பற்றித்தான். சம்பளம் கூடினால் சந்தோஷம், ஊரில் வீடு கட்டினால் சந்தோஷம் என்று நாம் இந்த வெயிலில் ஓடுகிறோம், ஆண்டவர் மலைமேல் உட்கார்ந்து பாக்கியவான் யார் என்று சொன்னபோது வீடு கட்டினவனைச் சொல்லவில்லை, சாந்தமாக இருக்கிறவனையும் இரங்குகிறவனையும் சமாதானம் பண்ணுகிறவனையும்தான் சொன்னார் என்றார். உன் அப்பா அதற்குத் தலையாட்டினாரே ஒரு ஆட்டு, எல்லாம் மாமாவுக்குச் சொன்னது என்று நினைப்பு. பின்னால் திரும்பிப் பார்த்தால் மாமாவும் அதே ஆட்டு ஆட்டுகிறான். பெண்கள் பக்கம் இருந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜெபம் முடிந்து பந்தி உட்கார்ந்தது. முதல் வாய் வைத்தவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்பா ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்துவிட்டது, இன்றைக்கு என் தம்பி மானம் இத்தனை பேர் முன்னால் போகப்போகிறது, இனி ஜென்மத்துக்கும் இவர்கள் சேரமாட்டார்கள் என்று ஆண்டவரே ஆண்டவரே என்று நிற்கிறேன். அதற்குள் மாமாவே முன்னால் வந்து, அத்தான், நான்தான் கேக்காம போட்டுட்டேன், எல்லார்கிட்டயும் நானே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன் என்றான். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கையில் இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே, நீ ஒருத்தன் போட்டா இம்புட்டுக் கரிக்காதுல, நானும்லா போட்டிருக்கேன் என்றார். பந்தியில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், நான் அழுதேன். விருந்துக்கு வந்திருந்த நஜீஹா எதிர் குரோசரிக் கடைக்கு ஓடி, உப்பைக் குறைக்க உருளைக்கிழங்கும் தேங்காய்ப் பாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே அண்டாவைப் பிடித்துக் கிண்டினார்கள், கிண்டும்போதே விசா பேச்சும் எடுத்துக் கொஞ்சம் சண்டையும் போட்டார்கள், ஆனால் முகத்தைப் பார்த்துப் போட்டார்கள். கடைசியில் குழம்பு சுமார்தான். ஆனால் உன் அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை, நீ நர்சிங் முடித்துப் பட்டம் வாங்கின அன்றைக்கு அப்புறம் நேற்றுத்தான் பார்த்தேன். சாந்தம் என்றால் வாயில்லாப் பூச்சியாக இருப்பது என்று நினைத்திருந்தேன் மக்கா, கத்தத் தெரிந்த மனுஷன் கத்தாமல் விட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கார் சிக்னலில் நிற்கும்போது உன் அப்பா, நான் கூப்பிட்டா அவ எடுப்பாளா என்று கேட்டார். வேலை சைட் முழுக்க ஆட்களை அதட்டுகிற மனுஷன், குரலே எழும்பவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். என் பந்தயம் ஜெயித்தது என்கிற மாதிரி மட்டும் பேசிவிடாதே, மாமா வந்து நின்ற மாதிரி நீயும் வந்து நில்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பார், உன் கையால் மருந்து வாங்குகிற எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. இந்த ஞாயிறு எனக்குக் கூப்பிட வேண்டாம், அப்பா நம்பருக்குக் கூப்பிடு. உடனே எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். என்ன பேசுவது என்றும் யோசிக்காதே, அப்பா என்று ஒரு வார்த்தை சொல், மீதியை அவர் பேசிக்கொள்வார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
வடிவு ஜெயசீலன்