அவள் பேசாத வசனம்

ஜூலை 12, சனி

'வெஸல் ஃபார்ட்டி' என்ற இங்கிலீஷ் தொடரின் நாலாவது சீசன் நேற்று வந்தது. முதல் எபிசோட் பார்த்தேன். குப்பை.

மூன்று சீசனாக ஒரே ஒரு விதியை வைத்துத்தான் அந்தக் கதையே ஓடியது. கப்பல் சனி கோள் பக்கம் நிற்கிறது, அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர எண்பது நிமிடம். கேப்டன் ரேன் மகளுக்குப் பேசி அனுப்புவாள். பதிலுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருப்பாள். அது வருவதற்குள் இவளுக்குக் கோபமே ஆறிப்போயிருக்கும். இப்போது என்னடா என்றால் ரெண்டு பேரும் பக்கத்துத் தெருவில் இருப்பது மாதிரி டக்கு டக்கென்று பேசிக்கொள்கிறார்கள். "சாப்பிட்டியா?" "சாப்ட்டேன்மா." சனியிலிருந்து! எழுதினவனுக்கு வெட்கமே இல்லையா?

துர்காவுக்கு மெசேஜ் போட்டேன். காலேஜில் பக்கத்து சீட், முதல் சீசனை என்னோடு உட்கார்ந்து பார்த்தவள். நான் படிப்பைப் பாதியில் நிறுத்தினேன், அவள் முடித்துவிட்டு பெங்களூர் போய்விட்டாள். பதில் வந்தது: "இன்னுமாடி அதைப் பார்த்துக்கினு இருக்க?"

இருக்கேன். என்ன இப்ப?

ஜூலை 13, ஞாயிறு

தமிழ் சப்டைட்டில் போட உட்கார்ந்தேன். மூன்று சீசனுக்கும் நான்தான் போட்டேன். தொடரைப் பார்ப்பவர்களின் குரூப்பில் முப்பத்தேழு பேர் அதை இறக்குகிறார்கள், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தச் சாப்பாட்டு சீன் வந்தது. கை வரவில்லை. அவர்கள் பேசினதை விட்டுவிட்டு வேறு எழுதினேன். மகள் பேசுவது எல்லாம் பழைய பதிவு, ரேன் அதை ஓடவிட்டு, எதிரில் இருப்பவளுக்குச் சொல்வது போலப் பதில் சொல்லிக்கொள்கிறாள் — அப்படி ஆக்கிவிட்டேன். "சாப்பிட்டியா" என்ற இடத்தில் "இதை நீ சொன்னப்ப உனக்குப் பன்னிரண்டு வயசு."

தப்புதான். ஆனால் இங்கிலீஷ் புரிகிறவன் எதற்கு என் ஃபைலைத் தேடி வருகிறான்?

ஜூலை 22, செவ்வாய்

இன்று கடையில் ஒன்று நடந்தது.

நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு சாய்மா அக்கா வாரம் ஒருதரம் பிரின்ட் எடுக்க வருவார். சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். எட்டு வயதில் காய்ச்சலில் காது போய்விட்டதாம். என் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து டைப் அடித்துத்தான் பேசுவார், நானும் அதிலேயே பதில் அடிப்பேன்.

அவர் பென் டிரைவைச் செருகினால் டிசைன்களுக்கு நடுவில் என் ஃபைல். நாலாவது சீசன், எபிசோட் ஒன்று, நான் வைத்த பேரோடு.

"இது நான் போட்டது" என்று அடித்தேன்.

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீயா? ஸ்கூல்ல எல்லாம் தமிழ்தான் எனக்கு. இங்கிலீஷ்ல போட்டா படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடிடுது. உன்னாலதான் அந்தக் கப்பல்ல நானும் இருக்கேன். இந்த சீசன்தான்மா எல்லாத்துலயும் பெஸ்ட்."

ஜூலை 23

பெஸ்ட்டாம். ஊரே காறித் துப்புகிற சீசன். அவர் பார்த்தது எந்த சீசன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தச் சாப்பாட்டு சீன் ஏன் பிடித்தது என்று அக்கா அடித்துக் காட்டினார். வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது யாராவது ஏதாவது சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். என்ன என்று இவர் கையைக் காட்டிக் கேட்டால் அண்ணன் "அப்புறம் சொல்றேன்" என்று சைகை செய்வார். அப்புறம் ஒரு துண்டுச்சீட்டில் நாலு வார்த்தை. "அதுக்குள்ள சோறே ஆறிடும். நான் தனியா சிரிச்சுக்கினு இருப்பேன். ரேனும் அப்படித்தானே?"

நான் எழுதின ரேன் அப்படி. தொடரில் வரும் ரேன் இல்லை.

சொல்லியிருக்கலாம். கடை முதலாளி பரமசிவம் அண்ணன் கல்லாவிலிருந்து "லெமினேஷன் என்னாச்சுமா, கதை எழுதிக்கினு இருக்கியா?" என்று குரல் கொடுத்தார். நோட்பேடை மூடிவிட்டேன். சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, சனி

ஐந்தாவது எபிசோட். பாதிக்கு மேல் என் வசனம். அவர்கள் கெடுக்கக் கெடுக்க நான் எழுதிக்கொண்டே போகிறேன். அம்மா எட்டிப் பார்த்து, "உன் ராக்கெட்டுக்காரி இன்னும் ஊர் போய்ச் சேரலையா?" என்றாள். சேரமாட்டாள்மா, சேர விடமாட்டேன்.

அக்காவுக்காக எழுதுகிறேனா, எனக்காகவா? அவர் வரும் செவ்வாய்க்கிழமைக்கு நான் சனிக்கிழமையே காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறேன். வேறு யாரிடம் பேசுகிறேன், சொல்லப்போனால்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா போனைக் கொண்டுவந்து நீட்டினார். குரூப்பில் அந்தச் சாப்பாட்டு சீனைப் புகழ்ந்து பத்து வரி எழுதியிருக்கிறார். கீழே ஒருவன்: "அப்படி டயலாக்கே இல்ல. காது கேக்காதா உனக்கு?" அதற்கு இருபது பேர் சிரித்திருக்கிறார்கள்.

"இவன் ஏன் இப்படி சொல்றான்?" என்று அடித்தார்.

"அவன் பார்த்தது வேற வெர்ஷன்கா" என்று அடித்தேன்.

நம்பிட்டாங்க. உடனே நம்பிட்டாங்க. சே.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்கே போனேன். ஜோஹரா அம்மா, அவருடைய தாயார், டீ கொடுத்தார். ஒன்றையும் மறைக்காமல் போனில் அடித்துக் காட்டினேன். எந்தெந்த சீன், அவர்கள் என்ன பேசினார்கள், நான் என்ன போட்டேன். கடைசியில், நல்லா இருக்கணும்னுதான் செஞ்சேன்கா, என்று.

படிச்சாங்க. மேலே தள்ளி மறுபடி படிச்சாங்க. பிறகு அடிச்சாங்க:

"எங்க வீட்ல எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க. திட்டினதை விட்டுடுவாங்க, அசிங்கமானதை விட்டுடுவாங்க, எனக்கு எது நல்லதோ அதை மட்டும் எழுதுவாங்க. நீ மட்டும் உள்ளதைத் தர்றேன்னு நினைச்சேன். அது குப்பைன்னா குப்பைன்னு நான் சொல்லக்கூடாதா?"

டீ ஆறிப்போச்சு. குடிச்சிட்டு வந்துட்டேன். சண்டை போட்டிருந்தாக்கூட பரவால்ல.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வரவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

குரூப்பில் எழுதினேன்: அந்த அக்கா சொன்ன டயலாக் இருந்தது, என் ஃபைலில் இருந்தது, நான் இஷ்டத்துக்கு எழுதினது, தப்பு என்மேல். செமத்தியாகத் திட்டினார்கள். முப்பத்தேழு பேருக்கும் வாய் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

பிறகு முதல் எபிசோடிலிருந்து திரும்பப் போட ஆரம்பித்தேன். பேசினது பேசினபடி. "சாப்பிட்டியா?" "சாப்ட்டேன்மா." ஒவ்வொரு வரிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு.

செப்டம்பர் 9

எட்டு எபிசோடும் முடிந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதாக டிக் மட்டும் வந்தது. இன்றைக்கும் கடைக்கு அவர் அண்ணன்தான் வந்து பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பதினொரு மணிக்கு அக்கா வந்தார். பென் டிரைவைக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஆதார் நகல் எடுக்க ரெண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"பாவம், எவ்ளோ லட்சணமா இருக்குது. காது கேக்காதாம்பா" என்றாள் ஒருத்தி.

"இதை எவன் கட்டிக்கினு போவான்? சொத்து இருந்தா ஒருவேளை போவான்" என்றாள் பச்சைச் சேலைக்காரி.

என் முகம் மாறியதை அக்கா பார்த்துவிட்டார். நோட்பேடைத் திறந்தார். "பின்னால என்ன பேசிக்கினு இருக்காங்க?"

வெயிலைப் பற்றி என்று அடிப்பது ரொம்ப சுலபம். விரல் கீபோர்டு மேலேயே நின்றது. ஜோஹரா அம்மா அதைத்தான் எழுதியிருப்பார். அவர் அண்ணனும்.

அடித்தேன். லட்சணத்திலிருந்து சொத்து வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல்.

அக்கா ரெண்டு தடவை படித்தார். "சொத்து யார் சொன்னது?"

"பச்சைச் சேலை."

திரும்பி அந்த அம்மாவை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார், கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாக. ரெண்டு பேரும் நகலைக் கூட வாங்காமல் நழுவினார்கள்.

எப்போதும் நின்றுகொண்டே அடிப்பவர், இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டும் பார்த்தேன். இவ்ளோ மட்டமாவா எடுப்பாங்க? எனக்கு ஒரே கோவம். மொதல்ல இருந்து வா, எங்கதான் கெட்டுது இது?"

ஒரு மணி வரைக்கும் மாற்றி மாற்றி அடித்தோம். பரமசிவம் அண்ணன் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, லெமினேஷனை அவரே போட்டுக்கொண்டார்.