டிக்கியில் இருந்த கேபிள்

எக்கார்ட்,

பருப்பு ஃப்ரிட்ஜுல இருக்கு, சூடு பண்ணிக்கோ. பத்து மணிக்குப் புகைபோக்கி சுத்தம் பண்றவர் வருவார், மாடிக் கதவைத் திறந்து வை. நான் உல்முக்கு, அக்கா வீட்டுக்கு, ரயில்லயே போறேன்.

நேத்து என் ஆப்பிள் ஜூஸ் பெட்டி மூணையும் டிக்கியிலேர்ந்து இறக்க வச்சியே! "எடை ஏறினா மைலேஜ் குறையும், ரோஸ்விதா"ன்னு பாடம் வேற. ரெண்டரை டன் வண்டி! சீட்டு முதுகு பிடிச்சுவிடுது, கதவு தானா சாத்திக்குது, அதெல்லாம் பஞ்சுல செஞ்சதாக்கும். என் ஜூஸ்தான் கனம்!

இறக்கும்போதுதான் அடியில சார்ஜ் கேபிளைப் பாத்தேன். ரெண்டு வருஷமாகியும் உறைகூடப் பிரிக்கல. பெட்ரோல் ஆபீஸ் கார்டுல ஓசி, அதனால பெட்ரோல், கரண்டு ரெண்டுலயும் ஓடற வண்டியை ஒரு நாள்கூட சார்ஜுல சொருகல. இருநூறு கிலோ பேட்டரியைச் சும்மா ஊர்கோலம் கூட்டிட்டுப் போயிருக்க! நூறு கிலோமீட்டருக்கு ரெண்டே லிட்டர்னு அக்காகிட்ட பீத்தினது இதைத்தானா?

கேபிள் சாப்பாட்டு மேசை மேல இருக்கு.

ரோஸ்விதா

பி.கு: ஒரு பாட்டில் ஜூஸ் உனக்குன்னு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கூப்பிட வரணும்னா சார்ஜ் ஏத்திட்டு வா. அதுவரைக்கும் என் எழுபத்திரண்டு கிலோவும் வண்டியில இல்ல. மைலேஜ் எவ்வளவு ஏறுதுன்னு பாத்து வை.