முன்கூட்டி எழுதிய அளவு

என் வீட்டுக்காரருக்கு,

சாமி புண்ணியத்தில் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். இங்கே பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் வெந்நீர்க் கிணற்றின் குழாயில் சுண்ணாம்புக்கல் படியாமலிருக்க மருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டியில் மணிக்கு நான்கு லிட்டர் குறையும். அதைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. நேற்று பிரார்த்தனைக்குப் போகும் அவசரத்தில் ஆறு மணி அளவை முன்கூட்டியே எழுதிவிட்டேன். மருந்து இறக்கும் பம்பு ஐந்து மணிக்கே நின்றுவிட்டதாம். ஏழு மணிக்குத்தான் தெரிந்தது.

"ஏக்கா, இறங்காத மருந்தை இறங்கினதா எழுதியிருக்கீங்களே, சாமியே வந்து ஊத்திச்சா?" என்றார் ஆபரேட்டர். சிரிக்கப் பார்த்தேன்.

நாளை குழாயைத் திறக்கிறார்கள். கல் படிந்திருந்தால் என் வேலை போய்விடும். நான் கேட்ட கம்பளியை இப்போதைக்கு அனுப்பாதீர்கள்.

இது கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் வேண்டிக்கொள்ளுங்கள், சாமி தேதி பார்க்காது.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மனைவி